தாளில் 25 டிகிரி, ஸ்டோர் ரூமில் 39: லேப் ரிஸ்க் அசெஸ்மென்ட் (ஆபத்து மதிப்பீடு) அனுபவங்கள், காரைக்குடி வட்டார லேப்காரர்கள் பேசிக்கொண்டது

செக்காலை வேதியியல்:
மூடியைக் கால் திருப்புதான் திருப்பியிருப்பேன். "உஸ்ஸ்" என்று சத்தம், அடுத்த நொடி பாட்டில் வாயில் நுரை பொங்கி விரலில் வழிகிறது. லிக்கர் அமோனியா (தண்ணீரில் கரைத்த அமோனியா வாயு), 25 சதம், 2.5 லிட்டர் பாட்டில், மே மாதம். கண்ணில் படாமல் போனது பாட்டில் சற்றுச் சாய்ந்திருந்ததால் மட்டும்தான்.

25 சத அமோனியாவின் கொதிநிலை சுமார் 38 டிகிரி. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த அந்த ஸ்டோர் ரூமில் தெர்மாமீட்டர் 39 காட்டியது. பாட்டிலுக்குள் அமோனியா கொதிக்கும் நிலையில் மூடியிடம் அடங்கி உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம். சுவரில் ஒட்டியிருந்த ரிஸ்க் அசெஸ்மென்ட் தாளிலோ விபத்து வாய்ப்பு 2, தீவிரம் 4, பெருக்கினால் 8, "அறை வெப்பநிலையில் (25 டிகிரி) வைக்கவும்" என்று இருந்தது. எந்த ஊர் அறை? காரைக்குடியில் ஏப்ரல் முதல் ஜூன் வரை வாய்ப்பு 2 என்பது 4 ஆகிவிடும். பெருக்கினால் 16. அந்தத் தாளை வைத்துக்கொண்டு அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

திறக்கும் முறை: முதலில் சாதாரணத் தண்ணீர்த் தொட்டியில் 10 நிமிடம். சூடான கண்ணாடியை நேராக ஐஸில் இறக்கினால் விரிசல் விடும். பிறகு கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம். ஃபியூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) உள்ளே, காகிள்ஸ் மேல் முகக் கவசம், மூடிமேல் ஈரத்துணி, வாய் உங்களுக்கு எதிர்ப்பக்கம். கால் திருப்பு, நிறுத்து, சத்தம் அடங்கட்டும், மறுபடி கால் திருப்பு.

புதுவயல் லேப் டெக்னீஷியன்:
சார், கண்ணில் பட்டிருந்தால் அடுத்து ஓடுவது ஐ வாஷுக்குத்தானே (கண் கழுவும் அவசரக் குழாய்). அதைத்தான் சொல்ல வந்தேன். மதியம் 2 மணிக்கு ஒரு ஐ வாஷைத் திறந்து பார்த்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. முதல் பத்து நொடி செம்மண் நிறத்தில் துருத் தண்ணீர். அது தெளிந்ததும் கை வைத்தால் சுடுகிறது. 46 டிகிரி. ஐ வாஷ் தண்ணீர் 16 முதல் 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 46 டிகிரித் தண்ணீரில் யாரும் 15 நிமிடம் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது, 15 நொடியில் முகத்தை எடுத்துவிடுவார்கள். அமோனியா போன்ற காரம் அமிலத்தைவிட வேகமாகக் கண்ணுக்குள் இறங்கும், அதற்கு 15 நிமிடமே குறைந்தபட்சம். வினிகர், போரிக் ஆசிட் ஊற்றிச் சரிக்கட்டுகிற வேலையே வேண்டாம், தண்ணீர் மட்டும்தான்.

காரைக்குடிக்குப் பேர்போன சம்பை ஊற்றுத் தண்ணீராகவே இருக்கட்டும், மொட்டை மாடி பிளாஸ்டிக் தொட்டியில் நின்று வெயில் படும் குழாய் வழியே வந்தால் வெந்நீர்தான். குழாய்க்கு ஃபோம் உறை போட்டால் கொஞ்சம் குறையும், தொட்டியே கொதித்தால் உறை என்ன செய்யும்? அறைக்குள் வெயில் படாத சுவரில் மாட்டுகிற, 60 லிட்டர் அளவுள்ள தனித்தொட்டி ஐ வாஷ் இந்த ஊருக்குச் சரி. நிமிடத்துக்கு 1.5 லிட்டர் வீதம் 15 நிமிடத்துக்கு 22.5 லிட்டர் போதும். உடம்பில் கொட்டினால் நனையும் சேஃப்டி ஷவர் கதை வேறு. நிமிடத்துக்கு 75 லிட்டர், 15 நிமிடத்துக்கு 1,125 லிட்டர். மேலே இருப்பது 1,000 லிட்டர் தொட்டி, வருவது அரை அங்குலக் குழாய். கணக்கு அங்கேயே உதைக்கிறது.

ஐ வாஷை வாரம் ஒரு முறை திறந்துவிடுவதைக் காலையில் செய்யாதீர்கள். மதியம் 2 மணிக்கு, தெர்மாமீட்டர் வைத்து, அளவைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

பள்ளத்தூர் ஸ்டோர்ஸ்:
ஐ வாஷ் விஷயத்தில் தம்பி சொல்வது அத்தனையும் சரி. செக்காலை சார் சொன்ன ஐஸ் வேலையை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அரை மணி நேரம் ஐஸ், முகக் கவசம், ஈரத்துணி எல்லாம் ஆளைச் சார்ந்த கட்டுப்பாடு. அவசரத்தில் முதலில் விட்டுப்போவது அதுதான். பாதுகாப்பு ஏற்பாடுகளின் வரிசை என்ன? முதலில் ஆபத்தை இல்லாமல் செய், முடியாவிட்டால் மாற்று, அப்புறம் கருவி, அப்புறம் நடைமுறை, கடைசியில்தான் கண்ணாடியும் கையுறையும். 2.5 லிட்டர் எதற்கு? 500 மில்லி பாட்டிலாக வாங்குங்கள், மார்ச்சிலேயே கோடைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். ஸ்டோரைக் கீழ்த்தளத்தில் வடக்குப் பார்த்த அறைக்கு மாற்றுங்கள், பாதி கவலை போச்சு.

"குளிர்ச்சியாக வை" என்று சொல்லிவிட்டால் அடுத்து எல்லாரும் எங்கே போவார்கள் தெரியுமா? வீட்டு ஃபிரிட்ஜுக்கு. ஒரு ஃபிரிட்ஜைத் திறந்தபோது கதவுத் தட்டில் எளிதில் தீப்பிடிக்கும் டைஎத்தில் ஈதர், மூடி சரியாக இறுகவில்லை, உள்ளே பல்பு பளிச்சென்று எரிகிறது. அந்தப் பல்பைப் பார்த்த நொடி உடம்பு சில்லிட்டுப்போகும். ஈதர் 34.6 டிகிரியில் கொதிக்கும், ஆகவே வெளியேயும் வைக்க முடியாதுதான். ஆனால் தீப்பிடிக்க காற்றில் 1.9 சதம் ஈதர் ஆவி போதும். 200 லிட்டர் ஃபிரிட்ஜில் அது 3.8 லிட்டர் ஆவி, திரவமாகச் சுமார் 17 மில்லி. மூன்று டீஸ்பூனுக்குச் சற்று மேல். தெர்மோஸ்டாட், கதவு சுவிட்ச் இரண்டிலும் பொறி வரும். உள்ளே பொறி வராதபடி செய்த லேப் ஃபிரிட்ஜ் இருந்தால் வையுங்கள், இல்லையென்றால் ஈதரே வாங்காதீர்கள். ஈதர் பாட்டிலில் திறந்த தேதியை எழுதுங்கள். நாளானால் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேரும், மூடி இடுக்கில் வெள்ளையாகப் படிகம் தெரிந்தால் தொடவே வேண்டாம்.

கானாடுகாத்தான் வாட்டர் டெஸ்டிங்:
பழைய செட்டிநாட்டு வீட்டின் இரண்டாங்கட்டை (இரண்டாவது முற்றப் பகுதி) வாடகைக்கு எடுத்து நடத்தும் தண்ணீர் பரிசோதனை லேப். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எச்.சி.எல். (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) பாட்டிலை எடுத்ததும் அடியில் சுருசுரு என்று நுரை. துடைத்துப் பார்த்தால் பூ டிசைன் நடுவே பாட்டிலின் அடி அச்சு, வட்டமாக, வெளுத்து, விரல் வைத்தால் சொரசொரப்பு. பளபளவென்று இருப்பதால் செராமிக் என்று நினைத்துவிடுகிறார்கள். அது சிமென்ட். அமிலம் தின்னும்.

தரை போனால் போகட்டும் என்று விடலாம். மேலே பர்மா தேக்கு அலமாரியில் நைட்ரிக் ஆசிட், பக்கத்திலேயே பாட்டில் வந்த வைக்கோல். நைட்ரிக், பெர்குளோரிக் இரண்டும் மரத்தைப் பற்றவைக்கக் கூடியவை. கட்டாயம் பாலிஎத்திலீன் டிரே வேண்டும், ஒரு பாட்டில் முழுதும் கொட்டினாலும் கொள்ளும் ஆழத்தில். இன்னொன்று, வளவுத் தரை (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) எல்லாம் முற்றத்தை நோக்கிச் சரிவு. கரைந்த ஆக்சிஜன் பரிசோதனைக்கான அசைடு ரீஏஜென்டை (சோடியம் அசைடு கலந்த கரைசல்) கழுவிய தண்ணீரும் ஆசிட் கழுவிய தண்ணீரும் அந்தச் சாக்கடையில் சந்தித்தால் ஹைட்ரசோயிக் அமில ஆவி, கடும் விஷம். செம்பு, ஈயக் குழாயில் அசைடு தங்கினால் வெடிக்கும் உப்பாகிவிடும். இரண்டுக்கும் தனித்தனி கேன் வையுங்கள், முற்றத்துக்கு ஒரு சொட்டும் போகக் கூடாது.

அமிலம் கொட்டினால் ஆப்ப சோடா. 500 மில்லி கான்சென்ட்ரேட்டட் எச்.சி.எல்.லுக்கு அரை கிலோ, 2.5 லிட்டருக்கு இரண்டரை கிலோ. அலமாரியில் 100 கிராம் பொட்டலம் வைத்துவிட்டு "ஸ்பில் கிட் (கொட்டியதை அடக்கும் பொருட்கள்) உண்டு" என்று டிக் போடுகிறார்கள்.

தேவகோட்டை மின்வேதி:
மரத்தைவிட எனக்குப் பயம் கரண்ட் கட்தான், அண்ணே. லைட் இன்வெர்டரில், ஹூட் புளோயர் (ஆவியை உறிஞ்சும் விசிறி) மெயினில். கரண்ட் போனால் லைட் அணையாது, ஃபேன் சுற்றும், புளோயர் மட்டும் நிற்கும். ஃபேன் சத்தத்தில் யாருக்கும் தெரியாது. ஹூட் கதவு விளிம்பில் ஒட்டிய டிஷ்யூ துண்டு உள்பக்கம் சாய்ந்திருந்தது, மெதுவாக நேராகத் தொங்கியது. அந்த ஒரு துண்டுக் காகிதம்தான் சொல்லிக்கொடுத்தது. எல்லா ஹூட்டிலும் ஒட்டுங்கள். ஹூட் வாயில் காற்று வேகம் நொடிக்கு 0.5 மீட்டர் இருக்கட்டும், வேலையை விளிம்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே தள்ளிச் செய்யுங்கள்.

கரண்ட் திரும்பி வரும்போது அடுத்த ஆபத்து. ஆள் இல்லாத அறையில் ஹாட் பிளேட் தானாகச் சூடேறும், ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சருக்குத் தண்ணீர் வராது. வயக்காட்டு மோட்டார் ஸ்டார்ட்டரில் நோ வோல்ட் காயில் இருக்கிறதே, அதே ஏற்பாட்டை ஹாட் பிளேட் லைனுக்குப் போடுங்கள். கரண்ட் போனால் விழுந்துவிடும், பச்சைப் பட்டனை அழுத்தும்வரை எழாது. தானாகவே மறுபடி எழும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மட்டும் வேண்டாம்.

எலக்ட்ரோ பாலிஷிங் (மின்சாரத்தால் உலோகத்தைப் பளபளப்பாக்குவது) செய்கிறவர்கள் பெர்குளோரிக் ஆசிட்டையும் அசெட்டிக் அன்ஹைட்ரைடையும் கலக்காதீர்கள். 1947 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு முலாம் பூசும் பட்டறையில் அந்தக் கலவை வெடித்து 17 பேர் இறந்தார்கள். குளிர்ச்சியிலேயே வைத்திருக்க வேண்டிய கரைசல் அது. நம் ஊர்க் கரண்டை நம்பி அதை நடத்த முடியாது, வேறு கரைசலுக்கு மாறிவிடுங்கள்.

செக்காலை வேதியியல்:
பள்ளத்தூர் அண்ணே, 500 மில்லி பாட்டில் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஏற்கெனவே வாங்கி வைத்த 2.5 லிட்டருக்கு ஐஸ்தான் வழி.

கானாடுகாத்தான் அண்ணே, சோடாக் கணக்கில் சல்ஃப்யூரிக்கைச் சேர்த்துவிடுங்கள். 2.5 லிட்டருக்கு ஏழரை கிலோ ஆகும். கொட்டியதும் சோடாவை அள்ளி வீசினால் சூட்டில் தெறிக்கும். முதலில் சுற்றிலும் உலர் மணல் வரப்பு, அப்புறம் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக சோடா. எச்.சி.எல். 2.5 லிட்டருக்கே 700 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வரும், ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டுத்தான் குனிய வேண்டும்.