டாக்கர் 29-க்கு மாறியதும் எல்லாத் தளமும் 404, ஆனால் கன்டெய்னர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன (தீர்ந்தது)

மொட்டைமாடி_சர்வர்:
வீட்டு மினி பிசியில் உபுண்டு 24.04. எல்லா மென்பொருளும் டாக்கரில், தனித்தனிப் பெட்டிகளாக (கன்டெய்னர்) ஓடுகிறது. நேற்று ராத்திரி தூக்கம் வராமல் ஏப்ட் அப்கிரேட் கொடுத்துவிட்டேன், டாக்கர் 28-லிருந்து 29-க்குப் போய்விட்டது. காலையில் எழுந்தால் "போட்டோ எதுவும் திறக்கலை" என்று வீட்டில் ஒரே சத்தம். எந்த டொமைனுக்குப் போனாலும் வெள்ளைத் திரையில் '404 பேஜ் நாட் ஃபவுண்ட்' என்று ஒற்றை வரி. ஓடுவதைப் பட்டியலிடும் டாக்கர் பிஎஸ் கட்டளை அடித்தால் பதினோரு கன்டெய்னரும் 'அப்' என்றே காட்டுகிறது, போர்ட் எண்ணைப் போட்டு நேராகத் திறந்தால் நெக்ஸ்ட்கிளவுட் (போட்டோ, ஃபைல் வைக்கும் தளம்) வருகிறது. முன்னால் நிற்பது ட்ராஃபிக் 3.1 (போக்குவரத்து இல்லை, ரிவர்ஸ் ப்ராக்ஸி: வருகிறவர்களை டொமைன் பார்த்து உரிய கன்டெய்னருக்கு அனுப்புவது). கன்டெய்னர்களின் அமைப்பை எழுதி வைக்கும் காம்போஸ் ஃபைலில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. டிஎன்எஸ், சான்றிதழ், ஃபயர்வால் எல்லாம் பார்த்துவிட்டேன். யாராவது வழி சொல்லுங்களேன்.

பழைய_கை:
404 வருகிறது என்றால் ட்ராஃபிக் உயிரோடுதான் இருக்கிறது, யாருக்கு அனுப்புவது என்றுதான் அதற்குத் தெரியவில்லை. ஃபயர்வாலை விட்டுவிட்டு ட்ராஃபிக்கின் லாகைப் பாருங்கள் தம்பி.

மொட்டைமாடி_சர்வர்:
அண்ணா, லாக் முழுக்க ஒரே வரிதான், சில நொடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது. கிளையன்ட் வெர்ஷன் 1.24 மிகப் பழசு, குறைந்தது 1.44 வேண்டும் என்கிறது. 1.24 எங்கிருந்து வந்தது? நான் அப்படி எதையும் நிறுவவே இல்லையே.

கொள்கலன்_குமரன்:
காம்போஸில் ட்ராஃபிக்குக்கு டாக்கர்_ஏபிஐ_வெர்ஷன் என்று ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் கொடுத்து 1.44 போடுங்க ப்ரோ, சரியாகிவிடும்.

மொட்டைமாடி_சர்வர்:
போட்டுப் பார்த்தேன் ப்ரோ, அதே வரிதான்.

பழைய_கை:
வேறு சில கருவிகளுக்கு அது வேலை செய்யும், இதற்குச் செய்யாது. ட்ராஃபிக்கின் பழைய வெளியீடுகளில் அந்த 1.24 உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது, வெளியிலிருந்து மாற்ற முடியாது. 1.24 என்பது 2016-இல் வந்த டாக்கர் 1.12 காலத்து ஏபிஐ, அதாவது மற்ற மென்பொருள்கள் டாக்கரோடு பேசும் மொழியின் பதிப்பு. இத்தனை வருடமும் டாக்கர் எஞ்சின் பழைய பேச்சையும் புரிந்துகொண்டது. 2025 நவம்பரில் வந்த 29-இல் குறைந்தபட்ச வரம்பை 1.44-க்கு உயர்த்திவிட்டார்கள், அதாவது டாக்கர் 25-க்கு முந்தைய ஏபிஐ பேசுகிறவர்களுக்குக் கதவு சாத்தியாச்சு. டாக்கர் வெர்ஷன் அடித்து சர்வர் பகுதியைப் பாருங்கள், 1.52 என்றும் பக்கத்திலேயே மினிமம் 1.44 என்றும் இருக்கும்.

சரியான வழி ட்ராஃபிக்கை 3.6.1 அல்லது அதற்கு மேல் கொண்டுபோவது, அதில் எஞ்சினிடம் கேட்டு வெர்ஷனை அதுவே முடிவு செய்துகொள்ளும். இன்றைக்கே வீட்டில் அமைதி வேண்டும் என்றால் டாக்கரின் அமைப்பு ஃபைலான டீமன்.ஜேசானில் மின்-ஏபிஐ-வெர்ஷன் என்ற சாவிக்கு 1.24 என்று, மேற்கோள் குறிக்குள், மதிப்புக் கொடுத்து டாக்கரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். லைவ் ரீஸ்டோர் (டாக்கர் நின்றாலும் கன்டெய்னர்களை ஓடவிடும் அமைப்பு) வைக்கவில்லை என்றால் எல்லாக் கன்டெய்னரும் ஒருமுறை நின்று எழும்.

மொட்டைமாடி_சர்வர்:
இப்போது டாக்கரே எழவில்லை அண்ணா!!

பழைய_கை:
முந்தைய வரியின் கடைசியில் கமா போட்டீர்களா?

மொட்டைமாடி_சர்வர்:
போடவில்லை. போட்டேன். வந்துவிட்டது, எல்லாத் தளமும் திறக்கிறது. காபி குடித்துவிட்டு ட்ராஃபிக் 3.6.1-க்குப் போய் அந்த வரியையும் எடுத்துவிடுகிறேன்.

பழைய_கை:
அடுத்த முறை ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் டாக்கர்டி கட்டளையோடு வேலிடேட் (அமைப்பு ஃபைலைச் சரிபார்ப்பது) கொடுங்கள், கமாவை அதுவே பிடித்துவிடும். இன்னொன்று, இமேஜுக்கெல்லாம் (கன்டெய்னரை உருவாக்கும் மூலப் பொதி) கவனமாக வெர்ஷன் எண் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறீர்கள், எஞ்சினை மட்டும் அவிழ்த்துவிட்டுவிட்டீர்கள். தானாக மேம்படாமல் இருக்க ஏப்ட்-மார்க் ஹோல்ட் போட்டு வையுங்கள், பகலில் அப்கிரேட் செய்யுங்கள்.

ஹார்ட்டிஸ்க்_தாத்தா:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் 29 தான், ஆனால் புது மெஷினில் புதிதாக நிறுவினேன். டேட்டா-ரூட்டை (டாக்கர் தன் தரவை வைக்கும் இடம்) 1 டிபி டிஸ்க்குக்கு மாற்றியும் சின்ன எஸ்எஸ்டிதான் நிரம்புகிறது.

பழைய_கை:
அது வேறு கதை ஐயா. 29-ஐப் புதிதாக நிறுவினால் இமேஜ்கள் கன்டெய்னர்டியின் (டாக்கருக்கு அடியில் கன்டெய்னர்களை இயக்கும் மென்பொருள்) கிடங்குக்குப் போகின்றன, /வார்/லிப்/கன்டெய்னர்டி என்ற இடம், டேட்டா-ரூட் அதைத் தொடாது. வால்யூம்கள் (கன்டெய்னர்கள் சேமிக்கும் தரவு) மட்டும் நீங்கள் சொன்ன டிஸ்க்கில் இருக்கும். பழசிலிருந்து மேம்படுத்தியவர்களுக்குப் பழைய ஏற்பாடே தொடரும், அதனால்தான் தம்பிக்கு இந்தத் தொல்லை வரவில்லை. மாற்றம் நல்லதுதான், ஒரே இமேஜின் ஆர்ம், இன்டெல் இரண்டு வடிவத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். கன்டெய்னர்டியின் கான்ஃபிக்.டாமலில் ரூட் என்ற வரியைப் புது டிஸ்க்குக்கு மாற்றி, கன்டெய்னர்டி, டாக்கர் இரண்டையும் ரீஸ்டார்ட் செய்து, இமேஜ்களைத் திரும்ப இழுங்கள்.

ஹார்ட்டிஸ்க்_தாத்தா:
இடத்தை அளக்கும் டியூ கட்டளை போட்டுப் பார்த்தேன், அங்கேதான் 41 ஜிபி உட்கார்ந்திருக்கிறது. நான் ஒரு வாரமாக லாக் ஃபைல்களை அழித்துக்கொண்டிருந்தேன்.