மெரினாவுக்கு வருவோரைக் கைபேசி இருப்பிடத் தரவைக் கொண்டு எண்ண முடியுமா?

கேள்வி (முதுகலை மாணவர்):
வணக்கம். உழைப்பாளர் சிலை முதல் பட்டினப்பாக்கம் வரையிலான கடற்கரைக்கு நாள்தோறும் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, கைபேசிச் செயலிகள் திரட்டிய, பெயரும் எண்ணும் நீக்கப்பட்ட இருப்பிடத் தரவிலிருந்து கணிக்க முயல்கிறேன். காணும் பொங்கலன்று கூட்டம் பெருகுவது அதில் தெரிகிறது. ஆனால், சாதாரணச் செவ்வாய்க்கிழமை அதிகாலை 3 மணிக்கும் ஏராளமான புள்ளிகள் விழுகின்றன. தரவில் பிழையா, நான் வரைந்த எல்லையில் பிழையா?

மறுமொழி 1:
எல்லையில்தான். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே நொச்சிக்குப்பம் இருக்கிறது; நீங்கள் 'பார்வையாளர்' என்று எண்ணியவர்களில் பலர் தங்கள் வீட்டில் உறங்குபவர்களாகவோ, விடியுமுன் படகுக்குச் செல்லும் மீனவர்களாகவோ இருப்பார்கள். பெரும்பாலான இரவுகளில் அங்கேயே இருக்கும் கைபேசிகளையும், மாதத்தில் பல நாள் மணிக்கணக்காகத் தங்கும் சுண்டல், பஜ்ஜிக் கடைக்காரர்களின் கைபேசிகளையும் தனியே பிரியுங்கள். லூப் சாலையில் வண்டியில் கடந்து போகிறவர்களும் ஒரு புள்ளியாக விழுவார்கள் என்பதால், சாலையை எல்லைக்கு வெளியே தள்ளிவிடுவது நல்லது.

மறுமொழி 2:
அதைச் செய்த பிறகும் கிடைப்பது கைபேசிகளின் எண்ணிக்கையே, ஆட்களுடையது அன்று. பாட்டி, பேரப்பிள்ளைகள் என ஆறு பேர் வரும் குடும்பத்தில் இரண்டு கைபேசிகள்தான் இருக்கும். அவற்றிலும் அந்தச் செயலி எதில் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? ஆகவே சில வார நாள்களிலும் ஞாயிறுகளிலும் நேரில் நின்று தலைகளை எண்ணி, விகிதம் காணாமல் வேறு வழியில்லை. அந்த விகிதமும் நிலையானதன்று. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, செயலி திறந்திராதபோதும் பின்னணியில் இருப்பிடம் அறிவதற்குத் தனி அனுமதி கேட்கத் தொடங்கியது. அதன்பின் புள்ளிகள் குறைந்திருந்தால் கூட்டம் குறைந்தது என்று எழுதிவிடாதீர்கள். அதே நாளில் சென்னை முழுவதும் உங்கள் தரவில் பதிவான கைபேசிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கொரோனா காலத்தில் கூகுள் வெளியிட்ட நடமாட்ட அறிக்கைகளோடு ஒப்பிடலாமா?

மறுமொழி 3:
பயன்படாது. அதில் கடற்கரையும் பூங்காவும் ஒரே வகை; தனியொரு கடற்கரையைப் பிரிக்க முடியாது. மேலும் நடமாட்டம் கூடியதா குறைந்ததா என்பதை 2020 ஜனவரி 3 முதல் பிப்ரவரி 6 வரையிலான நாள்களோடு ஒப்பிட்டே அது காட்டும் என்பதால், ஜனவரியில் உறைந்து கிடக்கும் அமெரிக்காவின் கேப் காட் போன்ற இடங்களில் கோடைக் கூட்டம் மலையளவு உயர்ந்ததாகத் தோன்றும்.

அந்தக் காலத்திலிருந்து உங்களுக்கு உதவக்கூடியது வேறொன்று. பொதுமுடக்கத்தில் மூடப்பட்ட மெரினா 2020 டிசம்பர் 14 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டது. உங்கள் தரவு அவ்வளவு பின்னோக்கிச் செல்லுமானால், மூடியிருந்த மாதங்களில் மணலில் விழுந்த புள்ளிகளை முதலில் எண்ணுங்கள். குப்பத்தினர், காவலர், பிழையான இருப்பிடம் ஆகியவற்றின் அளவு தோராயமாகத் தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
2020 ஜூன் முதல் தரவு இருக்கிறது. இன்றிரவே பார்க்கிறேன்.