கேரவன் ஃபிரிட்ஜை அசையாமல் பிடிப்பதற்குச் சொல்: ‘தளைப்பட்டை’ சரிவருமா?

சூரமங்கலத்திலிருந்து:

வணக்கம். கேரவன், அதாவது தங்கிச் சமைக்கும் வசதியுள்ள பயண வண்டியில், ஃபிரிட்ஜ் போன்ற பதித்த சாதனங்களை ஓட்டத்தில் நகராமல் பிடிக்கும் வேலைக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு நீங்கள் எழுதியது:

> “உள்ளமைக்கப்பட்ட சமையலறைச் சாதனத்தைப் பாதுகாத்தல்” என்று வைத்துக்கொள்ளலாமே.

‘பாதுகாத்தல்’ வேண்டாம் ஐயா. படிக்கும் தச்சர், திருடு போகாமல் பூட்டுப் போடச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘பொருத்துதல்’ என்பதும் போதவில்லை. வீட்டில் ஃபிரிட்ஜை ஓரிடத்தில் வைத்துவிட்டால் அதன் எடையே அதை நிறுத்திக்கொள்ளும். ஏற்காட்டுக்கு ஏறும் கேரவனில் அந்தக் கணக்குச் செல்லாது. சேலத்திலிருந்து போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஃபிரிட்ஜைப் பெரும்பாலும் பக்கச் சுவரை ஒட்டி, கதவு நடைவழியைப் பார்க்கும்படி வைப்பார்கள். ஒரு வளைவில் அது சுவரோடு ஒண்டும், எதிர்வளைவில் நடைவழிக்கு வரப்பார்க்கும். பிரேக் பிடித்தால் வண்டியின் முன்பக்கம், பள்ளத்தில் இறங்கி ஏறினால் மேலே. சாமான்களோடு 40 கிலோ இருந்தால், அழுத்திப் பிடிக்கும் ஒரு பிரேக்கில் ஏறத்தாழ 30 கிலோ எடைக்கு ஈடான விசை அதை முன்னே தள்ளும்.

ஆகவே எந்தத் திசையிலும் நகரவிடாத பிடியைச் சொல்லும் சொல் வேண்டும். செயலுக்குத் ‘தளையிடல்’, அதற்கான இரும்புக்குத் ‘தளைப்பட்டை’ என்று முன்வைக்கிறேன். செய்யுளில் சீரோடு சீர் சேரும் இடம் தளை. பனையேறுபவர் காலில் மாட்டுவது தளைநார். இரண்டிலும் பிடி விட்டால் எல்லாம் போயிற்று. ‘தளைத்தல்’ என்று மட்டும் வேண்டாம், பேச்சில் அது ‘தழைத்தல்’ ஆகிவிடும்.

சங்ககிரியிலிருந்து:

தளைப்பட்டை பட்டறையில் நிற்கும் என்றே நினைக்கிறேன். இப்போது “ஆங்கிள் போட்டு டைட் பண்ணு” என்கிறார்கள். ஆங்கிள் என்பது ‘எல்’ போல மடங்கிய இரும்பின் வடிவம், அது செய்யும் வேலை அல்ல.

ஆனால் எதை எதோடு தளையிடுவது என்பதையும் சொல்விளக்கத்தில் எழுதியாக வேண்டும். தவறு அங்கேதான் நடக்கிறது. ஃபிரிட்ஜை அலமாரியோடு இறுக்கிவிட்டு, அலமாரியை நாலு ஸ்க்ரூவில் தரையில் நிறுத்திவிடுகிறார்கள். அலமாரி பார்ட்டிகிள் போர்டாக (மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை) இருந்தால், குலுக்கலில் ஸ்க்ரூவின் மரை தன் துளையைத் தானே அரைத்துவிடும். ஸ்க்ரூத் தலைக்குக் கீழே ராகி மாவு போல மரத்தூள் உதிர்ந்து கிடக்கும். அதைப் பார்த்த பிறகு தடித்த ஸ்க்ரூ போட்டுப் பயனில்லை, பலகையையே மாற்ற வேண்டும்.

மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரமாகிய ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 18 மி.மீ. பிளைவுட் நல்லது. அதிலும் விளிம்பில் ஸ்க்ரூ இறக்கினால் அடுக்குப் பிரியும். பலகையின் முகத்தில்தான் இறக்க வேண்டும். அலமாரியை வண்டியோடு பிடிக்கும் தளைப்பட்டைக்கு 25×25×3 மி.மீ. ஆங்கிள். அதைத் தரைக்கு அடியில் ஓடும் பாடியின் குறுக்குச் சட்டத்தோடு எம்8 (8 மி.மீ. தடிமன்) போல்ட்டால் பிடிக்கலாம். மரம் வரும் பக்கம் அகல வாஷர், மறுபக்கம் நைலான் வளையம் வைத்த நட். வெறும் நட் அதிர்வில் கழன்றுவிடும். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் நீளச் சட்டத்தில் துளை போடக் கூடாது.

ஃபிரிட்ஜின் உடம்பிலும் புதுத் துளை கூடவே கூடாது. சுவருக்குள் இருக்கும் நுரையில் குளிர்க்குழாய் ஓடலாம். ஸ்க்ரூ முனை பட்டால் வாயு வெளியேறி ஃபிரிட்ஜே வீண். தயாரிப்பாளர் விட்ட துளைகள் உள்சுவரிலோ முன்சட்டத்திலோ சிறு பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் இருக்கும். அங்கே 4 மி.மீ. ஸ்க்ரூ, அதற்கு 3 மி.மீ. முன்துளை. மரத்துக்குள் 20 மி.மீ.யாவது இறங்க வேண்டும் என்பதால் பிளைவுட்டுக்குப் பின்னால் அந்த இடத்தில் மட்டும் 25 மி.மீ. ரீப்பர் (மரச்சட்டம்) கொடுங்கள். ஆடுகிறதே என்று சுற்றிலும் மர ஆப்பு அடித்தால் காற்றோட்டம் அடைபட்டு கம்ப்ரசர் ஓயாமல் ஓடும்.

இறுக்கி முடித்ததும் போல்ட், நட், பட்டை மூன்றின் மேலும் வெள்ளை பெயிண்டில் ஒரே கோடு இழுத்துவிடுங்கள். 100 கி.மீ. ஓடியதும் பாருங்கள், கோடு முறிந்து விலகியிருந்தால் நட் திரும்பியிருக்கிறது.

ஒரு கேள்வி: மாட்டை வண்டியில் பூட்டுகிறோம், பூட்டாங்கயிறு என்கிறோம். ‘பூட்டுப்பட்டை’ இன்னும் எளிதாக இல்லையா?

சூரமங்கலத்திலிருந்து:

எளிதுதான் ஐயா, எனக்கும் பிடித்த சொல். தடை ஒன்றே: ஓட்டத்தில் திறந்துகொள்ளாமல் ஃபிரிட்ஜ் கதவுக்கும் ஒரு பிடி உண்டு. ‘பூட்டு’ என்றதும் கை அந்தக் கதவுக்குத்தான் போகும். உடம்பு தளையிடாமலே கிடக்கும். அதனால் உடம்புக்குத் தளைப்பட்டை, கதவுக்குப் ‘பயணக் கொண்டி’ என்று பிரித்துவிடலாம். வீட்டுக் கதவில் கொண்டி எல்லோரும் அறிந்ததுதானே.

பதித்த காஸ் அடுப்புக்கும் தளையிடல் என்றே சொல்ல வேண்டும். அங்கே இது இன்னும் முக்கியம். அடுப்பின் உடம்பு தளர்ந்தால் ஆட்டம் முழுவதையும் காஸ் குழாயின் இணைப்புத் தாங்கும்; கசிவு அங்கே தொடங்கும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும்.

பயணக் கொண்டிக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஓடும்போது கதவை முழுதாகப் பிடிப்பது ஒன்று. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி ஃபிரிட்ஜை அணைத்து வைக்கும்போது, உள்ளே பூஞ்சை பிடிக்காதபடி கதவை விரலகலம் திறந்து நிறுத்துவது மற்றொன்று. முதலாவதை ‘ஓட்ட நிலை’ என்றால், இரண்டாவதற்குக் ‘காற்று நிலை’ பொருந்துமா? சங்ககிரிப் பட்டறையில் கேட்டுச் சொல்லுங்கள்.