அம்மாவோடு பாரிஸிலிருந்து அவிஞ்ஞோன்: எந்த ரயில், எங்கே இறங்குவது?

வெள்ளவத்தை மகள்:
வணக்கம். ஜூலை நடுவில் அம்மாவும் நானும் கொழும்பிலிருந்து பாரிஸ் போகிறோம், லாச்சப்பல் பக்கம் சித்தி வீட்டில்தான் தங்குவோம். அம்மா வரலாறு படிப்பித்த ரீச்சர். 1309இலிருந்து 1377 வரை பாப்பரசர்கள் ரோமை விட்டு வந்து இருந்த, தெற்கு பிரான்ஸிலுள்ள அவிஞ்ஞோனைக் கண்ணால் பார்க்க வேண்டும், மற்றது எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிறார். எங்களிடம் கார் இல்லை. சித்தப்பா மார்செய் வரை விமானத்தில் போகச் சொல்கிறார். வேறு ஒருவர் ரயிலே போதும், ஆனால் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், கால் மணி நேரம் மெதுவாக நடப்பார், படி என்றால் கஷ்டம். எப்படிப் போவது நல்லது? காலையில் போய் இரவு திரும்பலாமா?

கொட்டாஞ்சேனை அண்ணா:
தங்கச்சி, விமானத்தை விடுங்கள். பாரிஸின் கார் து லியோன் ஸ்டேஷனில் டிஜிவி என்ற அதிவேக ரயிலில் ஏறினால் ஏறத்தாழ 2 மணி 40 நிமிடத்தில் அவிஞ்ஞோன். மார்செய் விமானம் என்றால் பாரிஸில் விமான நிலையம் போகும் நேரம், பாதுகாப்புச் சோதனை, பிறகு மார்செய்யிலிருந்து திரும்ப வடக்கே ரயில் என்று பாதி நாள் போய்விடும், அம்மாவும் களைத்துப்போவார்.

ஸ்டேஷன் விஷயம் உண்மைதான், அதைக் கவனமாகப் பாருங்கள். அங்கே இரண்டு ஸ்டேஷன். அவிஞ்ஞோன் டிஜிவி என்பது 2001இல் அதிவேகப் பாதைக்காகக் கட்டியது, ஊரிலிருந்து சுமார் 4 கிலோமீற்றர். அவிஞ்ஞோன் சென்டர் பழைய ஸ்டேஷன், கோட்டை மதிலுக்கு நேர் எதிரே. இரண்டுக்கும் நடுவில் டிஇஆர் என்ற உள்ளூர் ரயில் ஓடுகிறது, 2013 கடைசியிலிருந்து, 5 நிமிடம்தான். அதனால் டிக்கெட் எடுக்கும்போது போய்ச் சேரும் இடத்தை 'அவிஞ்ஞோன் சென்டர்' என்று போட்டுத் தேடுங்கள், மாறும் ரயிலும் அதிலேயே சேர்ந்து வரும். நகரத்தின் ட்ராம் டிஜிவி ஸ்டேஷனுக்கு வராது, அதை நம்பி நிற்க வேண்டாம்.

சென்டரில் இறங்கினால் மதில் வாசலைக் கடந்து நேரே ஒரே தெரு, ஏறக்குறைய சமதரை. ஓர்லோஜ் சதுக்கம் வரை அம்மாவால் நடக்க முடியும், வழியில் உட்காரக் கபே நிறைய உண்டு. பாப்பரசர் அரண்மனை அங்கிருந்து இன்னும் கொஞ்சத் தூரம்தான்.

லாச்சப்பல் தம்பி:
அண்ணா சொன்னது சரி. அக்கா, சித்தி வீட்டிலிருந்து கார் து நோர் ஸ்டேஷன் நடை தூரம் என்றால் அங்கே ஆர்இஆர் டி என்ற நகர ரயிலை எடுங்கள், இரண்டாவது நிறுத்தம் கார் து லியோன். டாக்ஸி தேவையில்லை, ஆனால் பெரிய பெட்டி இருந்தால் காலை நெரிசலில் ஏற வேண்டாம். கார் து லியோன் பெரியது, எந்தப் பிளாட்போம் என்று புறப்படக் கிட்டத்தட்ட 20 நிமிடம் இருக்கும்போதுதான் போர்டில் போடுவார்கள். கதவு 2 நிமிடம் முன்னாலேயே பூட்டிவிடும், அம்மாவோடு போகும்போது ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்காருங்கள்.

விலை: டிஜிவியில் எல்லாமே முன்பதிவு இருக்கைதான், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், ஜூலைக்கு இப்போதே எடுங்கள். பிரெஞ்சு ரயில்வேயின் எஸ்என்சிஎப் கனெக்ட் ஆப்பில் எடுக்கலாம். வீகோ என்ற அவர்களுடைய இன்னொரு ரயில் சேவை மலிவு, ஆனால் பெரிய பெட்டிக்குத் தனிக் காசு கட்ட வேண்டும். டிக்கெட்டில் உங்கள் பேர் இருக்கும், பாஸ்போட் கையில் இருக்கட்டும்.

தெஹிவளை மாமி:
பிள்ளை, ஒரே நாளில் போய்த் திரும்பலாம், ஆனால் எனக்கு மனமில்லை. அம்மா இவ்வளவு ஆசைப்படுகிறார், மதிலுக்கு உள்ளே ஒரு இரவாவது தங்குங்கள். பாப்பரசர் அரண்மனைக்குள் படிகள் நிறைய. அம்மா ஆறுதலாக ஏறி இறங்க முழுக் காலையும் வேண்டும், ரயில் நேரத்தைப் பார்த்து அவசரப்படுத்தினால் அவருக்கு என்ன சந்தோஷம்?

இன்னொன்று, ஜூலை என்றால் நாடக விழா. 1947இலிருந்து நடக்கிறது, அறைகள் முதலிலேயே நிரம்பிவிடும், வெயிலும் கடுமை. விசா இன்னும் போடவில்லை என்றால் செப்டெம்பருக்கு மாற்றுங்கள். அங்கே உள்ள பழைய உடைந்த பாலத்தில் 22 வளைவுகளில் மிச்சம் 4தான், அதில் ஏறாமலேயே நல்லாகப் பார்க்கலாம்: ரோன் ஆற்றைக் கடந்து பார்த்தலாஸ் தீவுக்கு இலவசப் படகு ஓடுகிறது, அந்தக் கரையிலிருந்து பாலமும் அரண்மனையும் ஒன்றாகத் தெரியும். படகு நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், போகும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை மகள்:
எல்லோருக்கும் நன்றி. விசா போடவில்லை, அம்மாவும் செப்டெம்பருக்குச் சரி என்கிறார். இரண்டு இரவு தங்கினால் இரண்டாம் நாள் ரயிலில் போகக்கூடிய வேறு ஊர் இருக்கிறதா?

கொட்டாஞ்சேனை அண்ணா:
ஆர்ல். சென்டர் ஸ்டேஷனிலிருந்து டிஇஆரில் சுமார் 20 நிமிடம், ரோமர் கட்டிய அரங்கம் அங்கே இன்னும் நிற்கிறது. அந்த ரயிலுக்கு முன்பதிவு தேவையில்லை, அன்று காலை அம்மாவின் கால் எப்படி என்று பார்த்துவிட்டே டிக்கெட் எடுக்கலாம்.