சுகரும் கண்ணும்: எங்கள் வீடுகளில் பார்த்தது

தேனியிலிருந்து:
என் அத்தைக்குச் சுகர் வந்து பல வருடமாகிறது. பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார். கண் டாக்டரிடம் கூப்பிட்டால், "நல்லாத்தானே தெரியுது, எதுக்கு?" என்பார். பக்கத்து ஊரில் அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையம் இருக்கிறது. அங்கே விழித்திரையைப் படம் எடுத்து, பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்குக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பினார்கள். உடனே வரச் சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தப் படத்தைக் காட்டினார். ஆரஞ்சு நிற வட்டத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், நடுவுக்குப் பக்கத்தில் மஞ்சள் திட்டுகள். சிவப்பு, நுண்ணிய ரத்தக் குழாய்கள் பலவீனமாகி உப்பியதும் கசிந்ததும். மஞ்சள், கசிவில் வந்து படிந்த கொழுப்பு. நடுவில், கூர்மையாகப் பார்க்க உதவும் மாக்குலா என்ற இடத்தில் நீர் கோத்த பிறகுதான் எழுத்து மங்கும், நேர்கோடு நெளிந்து தெரியும். அதுவரை பெரும்பாலும் நமக்கு ஒன்றுமே தெரியாது. சுகர் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்பேன்.

அத்தைக்கு இடது கண்ணில் நீர் கோக்கத் தொடங்கியிருந்தது. விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுத்துவிட்டு, கசிவு குறைய ஊசி போட வேண்டும் என்றார்கள். கண்ணுக்குள் ஊசியா என்று நடுங்கிப்போனார். மரத்துப்போகச் சொட்டு மருந்து, இமையை விரித்துப் பிடிக்க ஒரு கிளிப், "மேலே பாருங்கம்மா", லேசாக ஓர் அழுத்தம். அவ்வளவுதான். அன்றைக்குக் கண்ணுக்குள் ஒரு கருப்புக் குமிழ் மிதந்ததாம். முதலில் மாதம் ஒன்று போடுகிறார்கள், அப்புறம் இடைவெளி கூடுகிறது. ஊசி மருந்துகளின் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. அவாஸ்டினுக்குச் செலவு குறைவு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

சேலத்திலிருந்து:
என் கணவர் லாரி ஓட்டுகிறார். ஒருநாள் எழுந்ததும் வலது கண்ணில் புகைக்கரி மிதக்கிறது என்றார். வலி இல்லை, சிவப்பும் இல்லை. தூசி என்று நினைத்துக் கழுவிக்கொண்டே இருந்தார். உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. பழைய குழாய்கள் அடைபட்டால் விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைக்குமாம், அவை மெலிசானவை, சட்டென்று உடையும். ரத்தம் தானாக வடிய வாரக்கணக்கில் ஆனது. வடியாமல் நின்றிருந்தால், ரத்தத்தைக் கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லோடு எடுக்கும் விட்ரெக்டமி ஆபரேஷன் என்றார் டாக்டர். புதுக் குழாய்கள் சுருங்க இரண்டு கண்ணுக்கும் லேசர் வைத்தார்கள். இருட்டில் பார்வையும் ஓரப் பார்வையும் கொஞ்சம் குறையலாம் என்று முன்னாடியே சொன்னார்கள், அப்படியே ஆனது. இப்போது பகல் லோடு மட்டும்தான். வருமானம் குறைந்தது உண்மை, ஆனால் பார்வை போகாமல் இருப்பதே பெரிது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். பரிசோதனைக்காகக் கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு விட்டால் சில மணி நேரம் மங்கும், வெயில் கூசும். துணைக்கு ஆள் வேண்டும், வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கோவையிலிருந்து:
எனக்குச் சுகர் இருப்பது தெரிந்த சமயம், திடீரென்று தூரத்து போர்டு மங்கியது. கண்ணாடி மாற்றலாம் என்று போனேன். சுகர் ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸ் உப்பும், பவர் மாறிக்கொண்டே இருக்கும், சுகர் ஒரு நிலைக்கு வந்து சில வாரம் ஆகட்டும் என்றார் டாக்டர். அப்படியே சரியானது. ஆனால் பவர் பார்ப்பது விழித்திரைப் பரிசோதனை ஆகாது. பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் டைப் 2 சுகர் என்றால் கண்டுபிடித்தவுடனே ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை, சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். பிபியையும் கட்டுக்குள் வைக்கச் சொன்னார், அதுவும் இந்தக் குழாய்களைத்தான் கெடுக்கிறது.

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே, உடலில் இன்சுலின் சுரக்காத டைப் 1 சுகர். கர்ப்ப காலத்தில் விழித்திரைப் பாதிப்பு வேகமாக முற்றலாம் என்பதால், முதல் மூன்று மாதத்துக்குள் கண்ணைப் பார்த்துவிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகும் வரச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு அடுத்த வாரம் போகிறாள்.