பி.சி.கந்தூரி: நெடுஞ்சாலையில் ஜெயித்த ஜெனரல் சொந்த மாநிலத்தில் தோற்றது ஏன்?

தென்பெண்ணை:
பட்டாளத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர்கள் நாட்டுக்கு என்ன செய்துவிட்டார்கள் என்று நேற்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். என் பதில் ஒரே பெயர்தான்: மேஜர் ஜெனரல் புவன் சந்திர கந்தூரி.

1954 முதல் 1990 வரை ராணுவத்தின் பொறியாளர் படையில் இருந்தவர். ஓய்வு பெற்ற அடுத்த வருடமே, இன்று உத்தராகண்டில் இருக்கும் கர்வால் தொகுதியில் பா.ஜ.க. எம்.பி. ஆனார். 2000 நவம்பரில் வாஜ்பாய் அவரிடம் சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறையைத் தனிப்பொறுப்பாகக் கொடுத்தார். 2003-ல் கேபினட் அமைச்சர்.

நான் லாரித் தொழிலில் இருப்பவன். கிருஷ்ணகிரியிலிருந்து ராணிப்பேட்டை வரை பழைய என்.எச். 46 எப்படி இருந்தது என்று அந்த ரூட்டில் வண்டி ஓட்டியவர்களைக் கேளுங்கள். ஒரு லாரியை முந்த வேண்டுமானால் எதிரே வருகிறவன் மனது வைக்க வேண்டும். அந்தச் சாலை நான்கு வழியானது தங்க நாற்கரத் திட்டத்தில்தான். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நான்கையும் இணைக்கும் 5,846 கிலோமீட்டர். அதன் வேலை சூடுபிடித்த வருடங்களில் துறையைக் கையில் வைத்திருந்தவர் கந்தூரி. இதைவிட வேறென்ன செய்ய வேண்டும்?

கார்த்திகா_வே:
சாலை நல்ல சாலை, மறுக்கவில்லை. ஆனால் அதை ஒருவர் தலையில் கிரீடமாக வைக்காதீர்கள். வாஜ்பாய் அடிக்கல் நாட்டியது 1999 ஜனவரி 6. கந்தூரி துறைக்கு வந்தது ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து. பணம் எங்கிருந்து வந்தது? பெட்ரோல், டீசல் லிட்டருக்கு ஒரு ரூபாய் செஸ், அதாவது கூடுதல் வரி. 2000-ல் மத்திய சாலை நிதிச் சட்டம் கொண்டுவந்து அந்தப் பணத்தைச் சாலைக்கென்று ஒதுக்கினார்கள். அதாவது நீங்களும் நானும் பெட்ரோல் பங்க்கில் நின்று கட்டிய பணம்.

2003 இறுதிக்குள் முடிப்போம் என்றார்கள். 2004 தேர்தலில் ஆட்சி போகும்போதும் முடியவில்லை. அடுத்த ஐந்து வருடம் அதே நாற்காலியில் இருந்தவர் நம்ம டி.ஆர்.பாலு. முழுதும் முடிந்ததாக அறிவித்தது 2012 ஜனவரியில். இத்தனை பேர் கை பட்ட வேலையில் 'ஜெனரல் போட்ட ரோடு' என்று சொல்வது நியாயமா?

சுபேதார்_ஓய்வு:
நான் பெங்களூரு எம்.இ.ஜி.யில் இருந்து ஓய்வு பெற்றவன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பார்கள், அதே பொறியாளர் படையின் ஒரு பிரிவு. கந்தூரி சாரின் கீழ் வேலை செய்ததில்லை, ஆனால் அவருடைய படைப்பிரிவின் வளர்ப்பு எனக்குத் தெரியும்.

கார்த்திகாம்மா, அடிக்கல் நாட்டுவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு நிலம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அறிவிப்பு, ஆட்சேபணை, இழப்பீடு. மின்கம்பம் மாற்ற மாநில மின் வாரியத்திடம் போக வேண்டும், மரம் வெட்ட வனத்துறையிடம், ரயில்வே பாலத்துக்கு ரயில்வேயிடம். சாலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல ஒப்பந்தக்காரர்களிடம் கொடுக்கிறார்கள். ஒரு துண்டில் ஒரு கோயிலோ ஒரு வழக்கோ நின்றால் அந்தத் துண்டு மட்டும் படுத்துவிடும். இதையெல்லாம் தினம் தினம் தள்ளிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும். காலாட்படை அதிகாரிக்கும் எங்கள் அதிகாரிக்கும் இங்கேதான் வித்தியாசம். எங்களுக்கு ஆற்றைக் காட்டி, இந்த நேரத்துக்குள் பாலம் வேண்டும் என்பார்கள். சாமான் இவ்வளவுதான், ஆள் இவ்வளவுதான். அந்தப் புத்தி உள்ளவர் அந்தத் துறைக்கு வந்தது நம் அதிர்ஷ்டம்.

செஸ் பணம் அதற்கு முன்பு எத்தனையோ விஷயத்துக்கு வாங்கினார்கள். அதெல்லாம் சாலையாகக் கண்ணுக்குத் தெரிந்ததா?

கார்த்திகா_வே:
சரி ஐயா, அந்தப் புத்திக்கு ஒரு கேள்வி. சத்யேந்திர துபே என்ற பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா?

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் இதே தங்க நாற்கரத்தின் ஜார்க்கண்ட், பீகார் பகுதியில் வேலை. பெரிய ஒப்பந்தம் எடுத்தவர்கள் வேலையைத் தகுதியில்லாத சிறு ஒப்பந்தக்காரர்களுக்குக் கைமாற்றுகிறார்கள், தரம் மோசம், பணம் போகிறது என்று 2002-ல் பிரதமருக்கே கடிதம் எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் அவர் பெயரோடு மேசை மேசையாகச் சுற்றியது. சாலைத் துறை அமைச்சகத்துக்கும் வந்தது. 2003 நவம்பர் 27 அதிகாலை கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். எவ்வளவு இளம் வயது என்று நினைக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது.

அப்போது துறையின் கேபினட் அமைச்சர் யார்? நேர்மை நேர்மை என்று சொல்கிறோமே, தன் கீழே இருந்த நேர்மையான ஒருவனைக் காப்பாற்ற முடியாத நேர்மையால் யாருக்கு என்ன பயன்? தென்பெண்ணை எழுதிய பதிவில் 5,846 கிலோமீட்டர் இருக்கிறது, துபே இல்லை.

தென்பெண்ணை:
துபே விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். பெயரை மறைக்கச் சொன்னவரின் பெயரை வெளியே விட்டது மன்னிக்க முடியாத செயல். ஆனால் கடிதம் போனது பிரதமர் அலுவலகத்துக்கு. பெயரோடு கீழே இறங்கியதும் அங்கிருந்துதான். சி.பி.ஐ. விசாரித்தது, 2010-ல் பாட்னா நீதிமன்றம் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. வழிப்பறிக்காக நடந்த கொலை என்பதுதான் வழக்கின் முடிவு. அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் கந்தூரியின் பெயரில் அதை எழுதிவைக்க ஆதாரம் வேண்டும்.

கார்த்திகா_வே:
கொலையை அவர் பெயரில் எழுதவில்லை. கடிதம் அமைச்சகத்துக்கு வந்த பிறகு அந்த மனிதர் உயிரோடு இருந்த மாதங்களைத்தான் எழுதுகிறேன். அந்தப் புகாரில் இருந்த ஒப்பந்தங்களை யார் போய்ப் பார்த்தார்கள்? புகார் கொடுப்பவர்களைக் காக்க அரசு ஓர் ஏற்பாடு செய்தது 2004-ல், அதுவும் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு. சட்டமாக வந்தது 2014-ல். துறைக்குள் இருந்தே முதல் குரல் வந்திருக்க வேண்டாமா?

மலைநாடன்:
நான் வேலைக்காக டேராடூனில் இருப்பவன். சாலை, சாலை என்றே பேசுகிறீர்கள். இங்கே உள்ளவர்களுக்குக் கந்தூரி என்றால் முதலமைச்சர்தான். அந்தக் கதையில்தான் பட்டாளத்துக்காரர் அரசியலில் எங்கே மாட்டுகிறார் என்பது தெரியும்.

2007 மார்ச்சில் உத்தராகண்ட் முதலமைச்சர் ஆனபோது அவர் எம்.எல்.ஏ. இல்லை, எம்.பி. ஆறு மாதத்துக்குள் சட்டசபைக்குள் வர வேண்டும். தொகுதியைக் காலி செய்து கொடுத்தவர் யார் தெரியுமா? டி.பி.எஸ்.ராவத். காங்கிரஸ் எம்.எல்.ஏ. அவரும் பட்டாளத்துக்காரர், அதுவும் லெப்டினன்ட் ஜெனரலாக ஓய்வு பெற்றவர். தூமாகோட் தொகுதியை ராஜினாமா செய்துவிட்டு பா.ஜ.க.வுக்கு வந்தார். கந்தூரி தூமாகோட்டில் ஜெயித்தார். கந்தூரி விட்ட கர்வால் எம்.பி. தொகுதியில் 2008 இடைத்தேர்தலில் ராவத் பா.ஜ.க. வேட்பாளராக நின்று ஜெயித்தார். இது சட்டப்படி தப்பில்லை. ஆனால் மக்கள் ஒரு கட்சிக்குப் போட்ட ஓட்டை இரண்டு ஜெனரல்கள் இடம் மாற்றிக்கொண்ட வேலை. எந்தப் பழைய அரசியல்வாதியும் இதைத்தான் செய்திருப்பார்.

அப்புறம் 2009. மக்களவைத் தேர்தலில் உத்தராகண்டின் ஐந்து தொகுதியும் போனது. ஏற்கெனவே கட்சிக்குள் பகத் சிங் கோஷ்யாரி அணி அவரை மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தது. முதல்வரைப் பார்க்கவே முடியவில்லை, அதிகாரிகள் பேச்சுதான் எடுபடுகிறது என்று சொந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்களே குமுறினார்கள். ஜூனில் பதவி போனது, அதே கட்சியின் ரமேஷ் பொக்ரியால் நிஷங்க் முதல்வராக வந்தார். அவருடைய ஆட்சியில் ஊழல் புகார்கள் வரிசை கட்டியதும், 2011 செப்டம்பரில், தேர்தலுக்குச் சில மாதம் இருக்கும்போது, மறுபடியும் கந்தூரியைக் கூப்பிட்டார்கள். 'கந்தூரி ஹை ஜரூரி', அதாவது கந்தூரி அவசியம், என்பதுதான் கோஷம்.

சுபேதார்_ஓய்வு:
மலைநாடன் தம்பி, எம்.எல்.ஏ.க்கள் ஏன் குமுறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் இடமாற்றத்துக்குச் சிபாரிசுக் கடிதம் கொண்டு போனால் அவரிடம் வேலை நடக்காது என்பதுதான் பாதிக் குமுறல். 2011-ல் திரும்பி வந்த சில மாதத்தில் அரசு ஊழியர் இடமாற்றத்துக்கென்றே சட்டம் கொண்டுவந்தார். மலை மாநிலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சமவெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. சிபாரிசு உள்ள ஆசிரியரும் டாக்டரும் டேராடூனிலும் ஹரித்துவாரிலும் உட்கார்ந்துகொள்வார்கள். மலைமேல் உள்ள பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். அங்கே கை வைத்தால் எந்த எம்.எல்.ஏ. சும்மா இருப்பார்?

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். பட்டாளத்தில் உத்தரவு கொடுத்தால் கீழே போய்ச் சேரும். கட்சியில் எம்.எல்.ஏ. நமக்குக் கீழே இல்லை, பக்கத்தில் இருக்கிறார். அவருக்கு டீ கொடுத்து, குறை கேட்டு, முடியாது என்பதை முகம் கோணாமல் சொல்ல வேண்டும். முப்பத்தாறு வருடப் பழக்கம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற அதிகாரிகள் குடியிருப்போர் சங்கத்தில்கூட இதில்தான் சறுக்குகிறார்கள்.

கார்த்திகா_வே:
2011-ன் பெரிய சாதனையாகச் சொல்வது லோக் ஆயுக்தா சட்டம், அதாவது மாநில அளவில் ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்புக்கான சட்டம். அண்ணா ஹசாரே குழுவே பாராட்டியது. முதலமைச்சரும் விசாரணைக்குள் வருவார் என்று தலைப்புச் செய்தி. ஆனால் உள்ளே படித்தால், முதலமைச்சர், அமைச்சர், எம்.எல்.ஏ. மீது நடவடிக்கை எடுக்க லோக் ஆயுக்தா உறுப்பினர்கள் எல்லோரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். ஒருவர் முடியாது என்றாலும் கதை முடிந்தது. சாதாரண எழுத்தருக்கு இந்தக் கவசம் கிடையாது. தேர்தல் வாசலில் வந்த சட்டம் என்பது அதன் உடம்பிலேயே தெரிகிறது.

மலைநாடன்:
அந்த ஒருமனது விதி எனக்கும் உடன்பாடில்லை. இருந்தாலும் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2012 தேர்தலில் எழுபதில் காங்கிரசுக்கு 32, பா.ஜ.க.வுக்கு 31. கட்சியை இவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்த கந்தூரி கோட்துவார் தொகுதியில் காங்கிரசின் சுரேந்திர சிங் நேகியிடம் தோற்றார். அவசியம் என்று சொன்ன ஆளே அவைக்குள் இல்லை.

புதிய முதல்வர் விஜய் பகுகுணா. கந்தூரியின் தாய்மாமன் ஹேமவதி நந்தன் பகுகுணாவின் மகன். அந்த அரசு 2011 சட்டத்தை ஓரம் கட்டி வேறு சட்டம் கொண்டுவந்தது. சரி, அவர்கள் எதிர்க்கட்சி. 2017-ல் பா.ஜ.க. 57 இடங்களோடு வந்தது. லோக் ஆயுக்தா மசோதாவைத் தாக்கல் செய்து தேர்வுக் குழுவுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். 2013-க்குப் பிறகு லோக் ஆயுக்தா நாற்காலி வருடக் கணக்கில் காலியாகவே கிடந்தது. விதியில் ஓட்டை இருந்தால் அடைத்திருக்கலாமே? சட்டமே வேண்டாம் என்பதில் இரண்டு கட்சிக்கும் ஒரே மனது. கந்தூரியின் சட்டத்துக்குப் பல் இல்லை என்றால் இவ்வளவு பயம் ஏன்?

தென்பெண்ணை:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். கட்சி அவரைத் தேவைப்படும்போது கூப்பிட்டது, வேலை முடிந்ததும் கீழே இறக்கியது. கடைசி உதாரணம் 2018.

2014-ல் மறுபடி கர்வால் எம்.பி. ஆனவர் நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவின் தலைவர் ஆனார். 2018 மார்ச்சில் அந்தக் குழுவின் அறிக்கை வந்தது. ராணுவத் துணைத் தளபதி குழுவின் முன் சொன்னதை அப்படியே பதிவு செய்தார்கள். தளவாடங்களில் 68 சதவீதம் பழசு, 24 சதவீதம் நடப்புத் தரம், 8 சதவீதம்தான் அதிநவீனம். நவீனமயத்துக்கு ஒதுக்கியது 21,338 கோடி ரூபாய், ஏற்கெனவே கொடுக்க வேண்டிய பாக்கியோ 29,033 கோடி. ஆளும் கட்சி எம்.பி. தலைமையில், சொந்த அரசின் பட்ஜெட் மீது இப்படி ஓர் அறிக்கை. தலையாட்டுகிற ஆள் இதைச் செய்வாரா? செப்டம்பரில் தலைவர் பதவி இன்னொரு பா.ஜ.க. எம்.பி.யான கல்ராஜ் மிஸ்ராவுக்குப் போனது.

கார்த்திகா_வே:
அந்த அறிக்கைக்கு நானும் தலை வணங்குகிறேன். என் ஆதங்கமே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. பதவி போன பிறகு அவர் என்ன சொன்னார்? 2019-ல் மகன் மனீஷ் காங்கிரசில் சேர்ந்து அதே தொகுதியில் நின்றார். ராகுல் காந்தி டேராடூன் மேடையில், ராணுவத்துக்காகக் கேள்வி கேட்டதால்தான் கந்தூரியை நீக்கினார்கள் என்றார். அப்பா கட்சியைவிட்டு நகரவில்லை, வெளிப்படையாகக் குமுறவும் இல்லை. மகன் தோற்றார், 2024-ல் அவரும் பா.ஜ.க.வுக்கே வந்தார். மகள் ரிது 2022-ல் அப்பா தோற்ற அதே கோட்துவாரில் அதே நேகியைத் தோற்கடித்து சட்டசபைத் தலைவர் ஆனார். குடும்பம் நன்றாக நடந்தது. அந்த 68 சதவீதம் என்ன ஆனது?

சுபேதார்_ஓய்வு:
அம்மா, நிலைக்குழுத் தலைவர் செய்யக்கூடியது அறிக்கை தாக்கல் செய்வது. செய்துவிட்டார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவையில் கேள்வி கேட்க வேண்டியது மற்ற எம்.பி.க்கள். அன்று நம் மாநிலத்திலிருந்தே 39 பேர் மக்களவையில் இருந்தார்கள். அவர்களையும் கேட்க வேண்டாமா? மேலதிகாரியோடு கருத்து வேறுபாடு என்றால் கோப்பில் எழுது, வெளியே போய்ப் பேசாதே என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அவர் கோப்பில் எழுதிவிட்டார்.

கார்த்திகா_வே:
சுபேதார் ஐயா, சீருடையில் இருக்கும்வரை அது சரி. அவர் அதைக் கழற்றி இருபத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. ஐந்து முறை அவரை மக்களவைக்கு அனுப்பிய கர்வாலில், லான்ஸ்டவுன் ராணுவ முகாமைச் சுற்றியுள்ள கிராமங்களில், பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத வீடு குறைவு. பழைய தளவாடத்தோடு எல்லையில் நிற்பது அந்தப் பிள்ளைகள். மேலதிகாரி என்று நீங்கள் சொல்வது கட்சித் தலைமையை. அவரை எம்.பி. ஆக்கியது அந்த வீடுகள். எண்பத்து மூன்று வயதில், அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை என்ற நிலையில், மக்களவையில் எழுந்து இரண்டு நிமிடம் பேசியிருந்தால் அவரிடமிருந்து யாரும் எதையும் பறித்திருக்க முடியாது. அந்த இரண்டு நிமிடத்தைத்தான் நான் அவரிடம் கேட்கிறேன்.