ஆர்.எஃப். அப்ளேஷன்: 80 டிகிரியில் நிற்க வேண்டியது 100-ஐத் தாண்டிப் போகிறது, ஏன்?

சூடுகோல்:
ஆர்.எஃப். அப்ளேஷன் என்பது உயர் அலைவரிசை மின்சாரத்தால் திசுவைச் சூடாக்கி அழிப்பது; அதை மாட்டு ஈரலில் செய்து பார்க்கும் பெஞ்ச் சோதனை இது. உயிருள்ள திசுவில் அல்ல. ஜெனரேட்டர் 480 கிலோஹெர்ட்ஸ், அதிகபட்சம் 30 வாட். 18 கேஜ் ஊசி, நுனியில் 10 மி.மீ. மட்டும் இன்சுலேஷன் இல்லை. நுனிக்குள் கே டைப் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் சென்சார்), அதைப் படிப்பது மேக்ஸ்31855 சிப். 0.9 சதவீத உப்புநீர்த் தட்டில் ஈரல், அடியில் கரன்ட் திரும்பிப் போக ஸ்டீல் தகடு.

இலக்கு 80 டிகிரி. பவரை முடிவு செய்யும் பி.ஐ. லூப் வினாடிக்கு 5 முறை ஓடுகிறது: விகிதப் பகுதி அப்போதைய பிழையையும், இன்டெக்ரல் பகுதி இதுவரை சேர்ந்த பிழையையும், கெயின் என்ற எண்ணால் பெருக்கிக் கூட்டும். விகித கெயின் டிகிரிக்கு 4 வாட், இன்டெக்ரல் கெயின் 0.5. 25 டிகிரியில் தொடங்கி 7 வினாடிக்குள் 80-ஐத் தொட்டுவிடுகிறது, ஆனால் அங்கே நிற்பதில்லை. 100-ஐத் தாண்டியதும் ‘பொட்’ என்று ஒரு சத்தம். அதுவரை 140 ஓமிலிருந்து 100 ஓமுக்கு இறங்கி வந்த இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்குத் திசு காட்டும் தடை) ஒரே தாவலில் 600-க்கு மேல் போகிறது. அதற்குப் பிறகு பவரே ஏறுவதில்லை. இரண்டு கெயினையும் பாதியாக்கியும் கதை மாறவில்லை.

கன்ட்ரோலர் இல்லாமல் 5 வாட் மட்டும் வைத்தால் பிரச்சினை இல்லை. 1.5 வினாடி அசைவில்லை, பிறகு ஏறி 60 வினாடியில் 63 டிகிரி. அந்த ஏற்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு முதல் 20 வினாடியிலேயே வந்துவிடுகிறது.

ஓம்விதி:
கேட்டதிலேயே பதிலும் இருக்கிறது. அந்த 5 வாட் சோதனையை மாதிரியாக எடுத்துக்கொள்ளுங்கள்: வாட்டுக்குச் சுமார் 8 டிகிரி, நேர மாறிலி (ஏற்றத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வர ஆகும் நேரம்) 20 வினாடி, தாமதம் 1.5 வினாடி.

தொடக்கத்தில் பிழை 55 டிகிரி. அதை 4-ஆல் பெருக்கினால் கன்ட்ரோலர் 220 வாட் கேட்கிறது, கிடைப்பதோ 30. அந்த 7 வினாடியும் ஜெனரேட்டர் உச்சத்தில் முட்டிக்கொண்டு நிற்க, இன்டெக்ரல் பாட்டுக்குச் சேர்த்துக்கொண்டே போகிறது. 80-ஐத் தொடும்போது அதில் ஏறக்குறைய 115 வாட் குவிந்திருக்கும். இனி பவர் 30-க்குக் கீழே வர வேண்டுமென்றால் விகிதப் பகுதி −85 வாட்டைத் தர வேண்டும், அதாவது வெப்பம் இலக்கைவிட 21 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். அந்த வேளையில் வினாடிக்கு 9 டிகிரி ஏறிக்கொண்டிருப்பதால் 1.5 வினாடித் தாமதமே இன்னொரு 13 டிகிரியைச் சேர்த்துவிடும். ஈரலில் உள்ள நீர் கொதிக்காமல் என்ன செய்யும்?

கெயினைப் பாதியாக்கியும் ஏன் மாறவில்லை என்றால், குவிவது 58 வாட், அதில் 30 போக மீதி 28, அதை 2-ஆல் வகுத்தால் 14 டிகிரி. தாமதத்தையும் கூட்டினால் மறுபடி 100-ஐத் தாண்டுகிறது. கோளாறு கெயினில் மட்டும் இல்லை, வைண்டப்பில், அதாவது பவர் உச்சத்தில் முட்டி நிற்கும்போதும் இன்டெக்ரல் குவிந்துகொண்டே போவதில், இருக்கிறது.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, கணக்கில் வரும் பவர் 30-ஐத் தாண்டி, பிழையும் நேர்மறையாக இருந்தால் அந்தச் சுற்றில் இன்டெக்ரலில் எதையும் கூட்டாதீர்கள். 0 வாட் எல்லைக்கும் இதே விதி. இதை மறந்துவிடுவார்கள். நம்மால் சூடேற்ற மட்டும்தான் முடியும், குளிர்விக்க முடியாது. மீறி ஏறிய வெப்பம் பரவி அடங்கும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதனாலேயே இந்த வேலையில் ஓவர்ஷூட் (இலக்கைத் தாண்டி ஏறுவது) இவ்வளவு விலை பிடிக்கிறது.

இரண்டாவது, இலக்கை ஒரேயடியாக 80-க்கு வைக்காமல் வினாடிக்கு 1 டிகிரி வீதம் ஏற்றுங்கள். அப்படிச் செய்தால் தேவைப்படும் பவர் 10 வாட் அளவோடு நின்றுவிடும், 30-ஐ முட்டவே முட்டாது.

மூன்றாவது கெயின். லூப்பின் வேகத்துக்கு 4.5 வினாடி எடுத்துக்கொண்டால், விகித கெயின் = 20 ÷ (8 × (4.5 + 1.5)) = 0.42. இன்டெக்ரல் நேரம் 20 வினாடி, ஆகவே இன்டெக்ரல் கெயின் 0.02. உங்கள் விகித கெயின் இதைப்போல் பத்து மடங்கு, இன்டெக்ரல் கெயின் 25 மடங்கு. டெரிவேட்டிவ் (வெப்பம் மாறும் வேகத்தைப் பார்க்கும் பகுதி) வேண்டாம், மேக்ஸ்31855 கால் டிகிரிப் படிகளில்தான் காட்டும், அந்தப் படிகளையே அது உதறலாக்கிவிடும்.

இன்னொன்று: 60 வினாடிக்குப் பிறகும் வெப்பம் மெல்ல ஏறிக்கொண்டுதான் இருக்கும், ஏனெனில் சுற்றியுள்ள ஈரலும் சூடாகிறது. 80-இல் நிறுத்திவைக்கத் தேவைப்படும் பவர் நேரம் போகப் போகக் குறைந்தால் அது சரியான அறிகுறி.

கறுப்புமுனை:
மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் லூப் கொடுக்கும் எண்ணை ஜெனரேட்டரில் எதற்கு அனுப்புகிறீர்கள், வோல்டேஜுக்கா பவருக்கா? வோல்டேஜ் என்றால் இரண்டு தொல்லை. பவர் வோல்டேஜின் வர்க்கமாக ஏறுவதால் கெயின் ஒரே அளவில் இருக்காது. அதோடு, சூடேறும்போது திசுவின் மின்கடத்துதிறன் டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் கூடுகிறது. உங்கள் 140 ஓம் 100 ஆகும்போது, வோல்டேஜைத் தொடாமலேயே பவர் 1.4 மடங்காகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் வோல்டேஜையும் கரன்ட்டையும் அளந்து, வேண்டிய பவரை அப்போதைய ஓமால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து அனுப்புங்கள். 140 ஓமில் 30 வாட்டுக்கு 65 வோல்ட் வரும்.

தெர்மோகப்பிளை நம்புவதற்கு முன் ஒரு சோதனை. சூடாக இருக்கும்போது ஆர்.எஃப்.-ஐச் சட்டென்று நிறுத்துங்கள். அடுத்த ரீடிங்கே 5, 6 டிகிரி விழுந்தால் அது வெப்பம் இல்லை, குறுக்கீடு. திசு 0.2 வினாடியில் அவ்வளவு ஆறாது. சிப் இருக்கும் பக்கத்தை ஐசொலேட் செய்யுங்கள், இரண்டு கம்பியையும் சேர்த்து ஃபெரைட் வளையத்தில் சுற்றுங்கள், உள்ளீட்டில் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் வையுங்கள். காசு இருந்தால் ஃபைபர் ஆப்டிக் சென்சார்; அதை ஆர்.எஃப். தொடாது.

0.9 சதவீத உப்புநீரையும் மாற்றுங்கள். ஈரலைவிட நாலைந்து மடங்கு நன்றாகக் கடத்தும். ஊசியின் வெற்று நுனி சிறிதளவு வெளியே தெரிந்தாலும் கரன்ட் அந்தப் பக்கம் ஓடிவிடும். ஈரலில் போகிறது என்று நீங்கள் கணக்குப் பண்ணும் வாட் பொய்யாகிவிடும். 0.2, 0.3 சதவீதம் போதும். கருகல் ஒட்டிய ஊசியைத் துடைக்காமல் அடுத்த சோதனைக்கு எடுக்கக்கூடாது, தொடக்க ஓமே உயர்ந்து தெரியும்.

சூடுகோல்:
வோல்டேஜுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். அடுத்து, உள்ளே தண்ணீர் ஓடும் கூல்டு ஊசிக்கும் இதே லூப்பை வைக்கலாமா? ஈரலில் சரியாக வரும் கெயின் உயிருள்ள திசுவிலும் செல்லுமா?

வெப்பவரை:
கூல்டு ஊசியில் இந்த லூப் உதவாது. நுனியில் உள்ள தெர்மோகப்பிள் காட்டுவது பெரும்பாலும் ஓடும் நீரின் வெப்பத்தை. உச்ச வெப்பம் ஊசியிலிருந்து சில மி.மீ. தள்ளித் திசுவுக்குள் இருக்கும். நுனி 20 டிகிரி என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கொதிக்கலாம். இதயத்தில் பயன்படும் இரிகேட்டட் கதீட்டருக்கும் (நுனியில் உப்புநீர் பாய்ச்சிக் குளிர்விக்கும் குழாய்) இதே குறை உண்டு. அதனால்தான் அங்கே நுனி வெப்பத்தைவிட, கரன்ட் பாயத் தொடங்கியதும் இம்பீடன்ஸ் 10 ஓம் அளவு இறங்குகிறதா, எவ்வளவு அழுத்தத்தில் தொடுகிறது என்று பார்க்கிறார்கள்.

கல்லீரல் கட்டிகளுக்கான கூல்டு சிஸ்டங்கள் இம்பீடன்ஸையே பின்னூட்டமாக வைத்தவை. அடிப்படை அளவைவிட 10 ஓம் ஏறினால் பவரைச் சுமார் 15 வினாடி இறக்கிவிடும். நீராவிக் குமிழ் அடங்கித் திசு மீண்டும் கடத்தத் தொடங்கியதும் பவர் திரும்ப வரும். வழக்கமாக 12 நிமிடம் இப்படியே போகும். குடை போல விரியும் பல முள் எலெக்ட்ரோடுகளில் சில வேறு ரகம்: முள் நுனிகளில் சென்சார் வைத்து, சராசரி 105 டிகிரியைப் பிடித்து நிறுத்தும்.

உங்கள் சாதா ஊசியிலும் வெப்ப லூப்புக்கு மேலே இம்பீடன்ஸைக் காவலாக வையுங்கள். தொடக்க அளவோடு ஒப்பிட்டால் தாமதமாகிவிடும், ஏனெனில் 140-இலிருந்து 100-க்கு இறங்கியது மறுபடி 140-ஐத் தொடும்போது காரியம் கெட்டிருக்கும். இதுவரை வந்த மிகக் குறைந்த அளவை நினைவில் வைத்து, அதிலிருந்து 10 ஓம் ஏறினால் பவரைப் பாதியாக்குங்கள், 30 ஏறினால் நிறுத்துங்கள். ‘பொட்’ சத்தத்துக்கு முன் ரீடிங் நடுங்க ஆரம்பிப்பதும் நல்ல எச்சரிக்கை. நிறுத்திய நேரத்திலும் அரை வாட் விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் இம்பீடன்ஸை அளக்க வழி இராது.

உயிருள்ள திசு என்றால் கெயின் செல்லாது. அங்கே தொடக்கம் 37 டிகிரி, ரத்த ஓட்டமோ சூட்டை அள்ளிக்கொண்டு போகும். 3 மி.மீ.-க்கு மேற்பட்ட ரத்தக்குழாய் பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் வேகாமல் நிற்கும். ஊசி நுனியில் உள்ள ஒரு சென்சாரால் அதைக் காண முடியாது, எவ்வளவு அழகாக ட்யூன் செய்தாலும்.

லூப் 80-இல் நின்றுவிட்டது என்பதோடு விடாமல் ஈரலை ஊசித் தடத்தின் நீளவாக்கில் அறுத்து, வெளுத்த பகுதியின் குறுக்களவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பவரை நிறுத்திய உடனே அறுக்க வேண்டாம். தேங்கிய சூட்டில் விளிம்பு இன்னும் கொஞ்சம் நகரும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே அளவு நேரம், 2 நிமிடம் என்றால் எல்லாவற்றுக்கும் 2 நிமிடம், விட்டு அறுங்கள். டி.டி.சி. சாயம் (உயிருள்ள செல்லைச் சிவப்பாக்கும்) போட நினைத்தால் அன்று வெட்டிய ஈரல் வேண்டும். ஃப்ரீசரில் கிடந்த ஈரலில் செத்த பகுதிக்கும் மற்றதுக்கும் நிறத்தில் வித்தியாசம் சரியாகத் தெரியாமல் போகலாம்.